பாறைக்கு ஆட்டமில்லை

கேள்வி: உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தை அஸ்திபாரமாக வைத்து வாழ்க்கையைக் கட்ட விரும்புகிறேன். ஆனால் என் விசுவாசம் மாதம் ஒருமுறையாவது ஆட்டம் காண்கிறது. அதை உறுதிப்படுத்த ஐந்து எளிய வழிகள் சொல்வீர்களா?

பதில்: ஐந்து வழிகள் இருக்கட்டும். 'அஸ்திபாரம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பேச்சில் எல்லோரும் 'அஸ்திவாரம்' என்கிறோம். 'அஸ்திபாரம்' பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் எழுத்து. நீங்கள் வேதம் வாசிக்கிறவர் என்பது அந்த ஓரெழுத்திலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் 1 கொரிந்தியர் 3:11 உங்களுக்குப் புதிதல்ல: "போடப்பட்டிருக்கிற அஸ்திபாரமாகிய இயேசுகிறிஸ்துவை அல்லாமல் வேறே அஸ்திபாரத்தைப் போட ஒருவனாலும் கூடாது." 'போடப்பட்டிருக்கிற' என்ற இடத்தில் சற்று நில்லுங்கள். அந்த வேலை முடிந்துவிட்டது. இதை எழுதிய பவுல் உங்கள் விசுவாசத்தையா அஸ்திபாரம் என்கிறார்? இல்லை, ஓர் ஆளைச் சொல்கிறார். விசுவாசம் என்பது அந்தப் பாறையின் மேல் நீங்கள் ஊன்றியிருக்கிற கால். கால் நடுங்கும்; எனக்கும் நடுங்கியிருக்கிறது.

பேதுருவைப் பாருங்கள். பெயரிலேயே பாறை. இயேசு பிடிபட்ட இரவில், 'நீயும் அவருடைய சீஷனா' என்று வாசல்காக்கிற வேலைக்காரி ஒரு வார்த்தை கேட்டதற்கே "நான் அல்ல" என்றார். பிறகு நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டே இன்னும் இரண்டு முறை மறுத்தார். அது கரிநெருப்பு என்று யோவான் குறித்துவைக்கிறார் (18:18). அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் வருகிறது. மற்றொன்று அதே சுவிசேஷத்தின் 21:9. இராமுழுதும் கடலில் இருந்துவிட்டுக் கரையேறுகிறவர்களுக்காக உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். அந்தப் புகை பேதுருவுக்கு எந்த இரவை ஞாபகப்படுத்தியிருக்கும்! இந்த இடத்தைக் கண் கலங்காமல் நான் வாசித்ததே இல்லை.

முதலில் சாப்பாடு. கேள்வி அதன் பிறகுதான். அந்தக் கேள்வியும் 'ஏன் மறுதலித்தாய்' என்பதல்ல, 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்பது. மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் மேய்க்கிற வேலையைக் கொடுக்கிறார். பேதுரு தன் விசுவாசத்தைச் சீர்செய்து எடுத்துக்கொண்டு வந்து அந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. உயிரோடிருக்கிற ஒருவர் தாமே தேடிவந்து கரையில் நின்றார். இயேசு கல்லறையோடு முடிந்துபோன குருவாக இருந்திருந்தால், அவருடைய போதனைகள் அத்தனையும் பேதுருவின் நினைவில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரவின் குற்றத்தை மன்னிக்க யார் இருந்திருப்பார்கள்?

இதனால்தான் உயிர்த்தெழுதலுக்கு வண்ணத்துப்பூச்சியை உவமை காட்டும் பிரசங்கங்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. முன்பு இதே பக்கத்தில் எழுதிக் கோபமான கடிதங்களைப் பெற்றேன். இன்றும் அதையே சொல்கிறேன். கூட்டுக்குள் இருக்கும் புழு சாகவில்லை. தனக்குள் ஏற்கெனவே இருக்கிற உயிரால் அது இறக்கை முளைத்து வெளியே வருகிறது. கல்லறைக்குள் இருந்ததோ பிரேதம். பிரேதத்துக்கு இடத்தான் அந்தப் பெண்கள் விடியற்காலையில் சுகந்தவர்க்கம் கொண்டுபோனார்கள். உயிர்த்தெழுதலைப் புழுவின் வளர்ச்சியாகச் சொல்லிவிட்டால், 'உனக்குள் இருக்கும் வலிமையை நம்பு' என்பதே சுவிசேஷமாகிவிடும். உள்ளே வலிமை இல்லை என்றுதானே நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்? பவுலே உயிர்த்தெழுதலுக்கு விதையை உவமை காட்டினாரே என்று சிலர் கேட்பார்கள். காட்டினார், "தேவன் அதற்கு மேனியைக் கொடுக்கிறார்" என்ற பேச்சோடு சேர்த்து.

மத்தேயு 28:17ஐயும் பாருங்கள். உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் கண்டு பணிந்துகொண்ட இடத்திலேயே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அவர்களை அவர் பிரித்து நிறுத்தவில்லை. சகல ஜாதிகளிடமும் போகச் சொன்ன கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி என் பழைய வழக்கு ஒன்று: வேதாகமத்தின் அதிகாரப் பிரிவுகள். பவுலின் கடிதத்தில் அவை கிடையாது. இன்று நாம் பயன்படுத்தும் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயக் குரு வகுத்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பில் வந்தவை. தேடி எடுக்க உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் 1 கொரிந்தியர் 15க்கும் 16க்கும் நடுவே கத்தி தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் "உங்கள் விசுவாசமும் விருதா" என்று வாதாடத் தொடங்கிய பவுல், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் "விருதாவாயிராது" என்று 58ஆம் வசனத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். எந்தப் பிரயாசம்? மூச்சுவிடாமல் அடுத்த வரியிலேயே எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்கான தர்மப்பணத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒவ்வொருவனும் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்க வேண்டும். அதுவும் வாரத்தின் முதல் நாளில். கல்லறை காலியாயிருந்ததே, அந்த நாள்! மரணத்தை நோக்கி "உன் கூர் எங்கே?" என்று சவால் விட்ட வாயே பணம் சேர்க்கவும் சொல்கிறது. நாமோ 15ஐ அடக்க ஆராதனைக்கு ஒதுக்கிவிட்டு, 16ஐக் காணிக்கைத் தட்டு வரும்போது மட்டும் எடுக்கிறோம்.

ஆகவே அடுத்த முறை ஆட்டம் காணும்போது, 15ஆம் அதிகாரத்தின் முதல் வரியிலிருந்து 16:4 வரை நிறுத்தாமல் உரக்க வாசியுங்கள். வாசித்துவிட்டு, யாருக்காக எதை எடுத்துவைக்கத் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஐந்து வழிகளைப் பற்றி அப்போது பேசுவோம்.