ரிலே இரண்டு பக்கமும் வேண்டாம், ஒரு பக்கம் போதும்

கேள்வி: மதுரை சிம்மக்கல்லில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங் செய்யும் தம்பி உசிலம்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். கல்யாண வீடியோக்களை சிங்க்திங் (கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பரிமாறும் மென்பொருள்) மூலம் அனுப்பினால் எப்போதும் ‘ரிலே வான்’ (நேரடியாக இல்லாமல் இடையில் ஒரு சர்வர் வழியாக) என்றே காட்டுகிறது, ஆமை வேகம். ரவுட்டரில் போர்ட் (வெளி இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்தும் பலனில்லை. இரண்டு கணினியிலும் நாலைந்து ரிலே முகவரிகளைப் போட்டதில் குழப்பம்தான் மிச்சம். எளிய வழி உண்டா?

பதில்: முதலில் அந்த முகவரிகளை எல்லாம் அழித்துவிட்டு, சிங்க்திங் அமைப்புகளில் உள்ள ‘லிசன் அட்ரஸ்’ பெட்டியில் ‘டீஃபால்ட்’ மட்டும் வையுங்கள். பொது ரிலேக்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துபவை, வேகத்துக்கு வரம்பு வைத்தவையும் உண்டு. சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கும் உசிலம்பட்டிக்கு உங்கள் வீடியோ வெளிநாட்டு சர்வரைச் சுற்றிக்கொண்டு போகக்கூடும். முகூர்த்த நாள் ஃபுட்டேஜை அதன் தலையில் ஏற்றுவது நியாயமும் இல்லை.

நேரடி இணைப்புக்கு இரண்டு முனையில் ஏதாவது ஒன்றை வெளியிலிருந்து எட்ட முடிந்தால் போதும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐபி’ (நெட் கம்பெனி ரவுட்டருக்குத் தந்த முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நெட் கம்பெனி ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது என்று அர்த்தம். அப்புறம் நீங்கள் வீட்டு ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வேலைக்கு ஆகாது. ஸ்டுடியோ இணைப்புக்கு மட்டும் பொது ஐபி கேட்டு வாங்கி, 22000 போர்ட்டை டிசிபி, யுடிபி (டேட்டா அனுப்பும் இரு முறைகள்) இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். இரு பக்கமும் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அந்தச் செலவும் வேண்டாம். ஒரு ரவுட்டரின் ஃபயர்வாலில் அதே போர்ட்டை அனுமதித்தாலே போதும்.

இரண்டும் வாய்க்கவில்லையா? சரி, மும்பை பக்கம் ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, சிங்க்திங்கின் ரிலே சர்வரை ஓட விடுங்கள். பொதுப் பட்டியலில் சேராதபடி ‘பூல்ஸ்’ அமைப்பைக் காலியாக விடுவது முக்கியம். இல்லாவிட்டால் ஊரார் டிராஃபிக்கும் உங்கள் கணக்கில்தான் ஓடும். சர்வரின் 22067 போர்ட் வெளியே திறந்திருக்க வேண்டும். ஓடத் தொடங்கியதும் அது காட்டும் ரிலே முகவரியை ஸ்டுடியோ கணினியின் ‘லிசன் அட்ரஸ்’ பெட்டியில், டிசிபி, குயிக் முகவரிகளோடு (tcp://0.0.0.0:22000, quic://0.0.0.0:22000) சேர்த்து எழுதி, ‘டீஃபால்ட்’டை எடுத்துவிடுங்கள். தம்பியின் கணினியில் இந்த ரிலே முகவரியைப் போட வேண்டாம்; ‘டீஃபால்ட்’டுக்குப் பதில் அந்த டிசிபி, குயிக் முகவரிகளை மட்டும் வைத்தால், பொது ரிலே வழியாக இணைய வாய்ப்பிருக்காது. குளோபல் டிஸ்கவரி (கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் சேவை) வழியாக ரிலே முகவரியை அதுவே தெரிந்துகொள்ளும். இரு பக்கமும் ‘ரிலேயிங்’, ‘குளோபல் டிஸ்கவரி’ இரண்டிலும் டிக் இருக்கட்டும்.

வாடிக்கையாளர் படங்களை ரிலே நடத்துபவர் பார்க்க முடியாது. குறியாக்கம் உங்கள் இரு கணினிகளுக்கு இடையில்தான் நடக்கிறது. யாருடைய ஐபி, எவ்வளவு டேட்டா போன்ற விவரங்கள் மட்டும் அவருக்குத் தெரியும்.