அந்தப் பக்கம் வாய் இருக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. கோவையில் ஒரு வங்கியில் வேலை. சின்ன வயதிலிருந்தே குதிரை ஏற ஆசை. ஐந்து வாரமாக ஞாயிறு காலைகளில் பயிற்சிக்குப் போகிறேன். நடக்கும்வரை பயமில்லை. ட்ராட் என்கிற மெல்லோட்டம் தொடங்கியதும் மூட்டை மாதிரிக் குலுங்குகிறேன், லகானைப் பிடித்துத்தான் விழாமல் சமாளிக்கிறேன். எனக்குக் கொடுத்திருப்பது பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற குதிரை. சொன்ன பேச்சு கேட்பதே இல்லை. "உங்க பயம் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம், சாட்டையால ரெண்டு போடுங்க, அடக்கினாத்தான் அடங்கும்" என்றார் பயிற்சியாளர். போட்டேன். பாய்ந்தது. இழுத்து நிறுத்தப் பார்த்தேன், இன்னும் வேகமாக ஓடியது, விழுந்தேன். தோளில் வீக்கம் மட்டும்தான்.

இந்த வயதில் இது எனக்கு வருமா? நம் பயம் குதிரைக்கு உண்மையிலேயே தெரியுமா? சொந்தமாக ஒரு குதிரை இருந்தால் பழகிவிடும் என்கிறார்கள். ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் மார்வாரி இனக் குதிரைக் குட்டி ஒன்று வாங்கலாமா? விழுவதற்கு முந்தைய வாரம் எடுத்த வீடியோவை இணைத்திருக்கிறேன்.

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் ஒரு துருப்பிடித்த கடிவாளம் கிடந்தது. பழனி வீட்டுப் பரணைக் காலி செய்தபோது கிடைத்தது. என் தாத்தா ஜட்கா வண்டி ஓட்டியவர். ரயிலடியிலிருந்து அடிவாரத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார். சுண்டுவிரல் பருமனில் இரண்டு இரும்புத் துண்டுகள், நடுவில் கண்ணி. அந்த இரும்பின்மேல் நைந்துபோன காடாத்துணி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில நாட்களாக அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் நீங்கள் கேட்டதற்கெல்லாம் முறையாகப் பதில் சொல்வேனா என்று தெரியவில்லை.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் முதன்முதலாகச் சேணத்தில் உட்கார்ந்தது 44 வயதில். அந்தியூரில் குட்டி வாங்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். ஏறத் தெரியாதவர் கையில் பழகாத குட்டி கிடைத்தால் இரண்டு பேரும் கெட்டுப்போவீர்கள்.

வீடியோவை நான்கு முறை பார்த்தேன். தலையில் ஹெல்மெட் தொப்பி எங்கே அம்மா? குதிரைமேல் உட்கார்ந்தால் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் இருக்கிறது உங்கள் தலை. முடி அழகாகப் பறக்க வேண்டும் என்று அதை மண்ணாங்கட்டி போல வைத்திருக்கிறீர்கள். காலில் தட்டையான கேன்வாஸ் ஷூ. குதி இல்லாத ஷூ, கால் வைக்கும் அங்கவடி வளையத்துக்குள் முழுசாக நுழைந்து சிக்கிக்கொள்ளும், விழுந்தால் குதிரை உங்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். தாடையில் பட்டை மாட்டிய தொப்பியும் குதி வைத்த ஷூவும் இல்லாமல் இனி ஏறாதீர்கள். தோளோடு போனது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் நான்கு முறை பார்த்தது உங்கள் தலைக்காக இல்லை. கைகளுக்காக.

குதிரையின் வாயை என்றாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. அங்கே எலும்பின்மேல் மெல்லிய ஈறு மட்டும்தான். கடிவாளத்தின் இரும்பு உட்காருவது அந்த இடத்தில், நாக்கின் மேல். லகானின் ஒரு நுனி உங்கள் கையில் இருக்கிறது, மறுநுனி அந்த ஈறின்மேல் இருக்கிறது. வீடியோவில் ட்ராட்டின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உங்கள் முஷ்டி இரண்டும் மேலே எகிறுகின்றன. ஒவ்வொரு முறையும் அது வாயைத் திறந்து தலையை மேலே எறிகிறது, பார்த்தீர்களா? "சொன்ன பேச்சு கேட்பதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வாயில் இடிவாங்கிக்கொண்டிருக்கும் உயிர் எந்தப் பேச்சைக் கேட்கும்?

உங்களைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. நானும் இதையே செய்தவன். கற்றுக்கொண்ட ஆறாவது நாள், முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டுப் பெருமையாக இறங்கி நின்றேன். லாயத்தில் வேலை செய்த பையன், இருபது வயதுகூட இருக்காது, ஒன்றும் பேசாமல் குதிரையின் உதட்டோரத்தை விரலால் தூக்கிக் காட்டினான். நகத்தளவு தோல் பிய்ந்திருந்தது. நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஏனென்றால் எட்டு வயதிலேயே எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சண்முக நதிப் பக்கம் வெறும் வண்டியாகப் போகும்போது தாத்தா லகானை என் கையில் கொடுப்பார். நான் வீராப்பாக இழுப்பேன். "கயித்தை இழுக்காதடா தங்கம், அந்தப் பக்கம் வாய் இருக்கு" என்பார். அதை மறந்துபோயிருந்தேன்.

பயம் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மனசைப் படித்து அல்ல, உடம்பைப் படித்து. ஈ ஒன்று உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் மிருகம் அது. 50 கிலோ மனுஷி முதுகில் மூச்சைப் பிடித்தால் தெரியாதா? 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போட்டது. கேள்வி கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாமல் மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை கடுகளவு நிமிர்கிறது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. தலை நிமிர்வது அந்த மனிதர்களுக்கே தெரியாது. விஷயம் தெரிந்த பிறகு ஃபுங்ஸ்டாலேயே தன் தலையை முழுதாகக் கட்டுப்படுத்த முடியவில்லை.

இப்போது உங்கள் உடம்பைப் பாருங்கள். பயந்ததும் முழங்கால்கள் சேணத்தை இறுக்குகின்றன. இறுக்கியதும் குதிகால் மேலே ஏறி விலாவில் குத்துகிறது. விலாவில் குத்தினால் "போ" என்று அர்த்தம். கை லகானை இழுக்கிறது, அதற்கு "நில்" என்று அர்த்தம். மேலே சாட்டை வேறு. அதைவிட முக்கியம், அது பந்தயக் குதிரை. வாயில் இழுப்பு விழுந்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடத்தான் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். நீங்கள் நிறுத்த இழுத்தீர்கள், அது வேகமாக ஓடச் சொல்கிறீர்கள் என்று ஓடியது. உங்களைத் தள்ளிவிட்ட அந்தக் குதிரை சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறது, எஸ்.

"அடக்கினாத்தான் அடங்கும்." இந்த வார்த்தைமேல் எனக்குப் பல வருஷக் கோபம். குதிரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது செஞ்சி தேசிங்கு. டெல்லியில் யாராலும் ஏற முடியாத பாராசாரிக் குதிரையை இளைஞன் ஒருவன் அடக்கிய கதை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவன் மாண்ட பிறகு ஊர் ஊராகப் பாடிய கதை. கேட்டால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் அந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது "அடக்கினான்" என்ற ஒற்றைச் சொல்லைத்தான். காளைக்கும் அதே சொல், யானைக்கும் அதே சொல், பெண்டாட்டிக்கும் அதே சொல்.

'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்று பட்டினப்பாலை பாடுகிறது. அப்போதே குதிரை நமக்குக் கப்பலில் வந்த சரக்கு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கிக் குவிக்கிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன என்று எழுதிவைத்தார். இறைச்சியையும் சோற்றையும் வேகவைத்துக் கொடுத்தார்களாம், புல் மேயும் பிராணிக்கு. அய்யனாருக்கு ஊர் எல்லையில் ஆளுயர மண்குதிரை செய்து நிறுத்திய அதே மண்ணில் இது நடந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் கப்பலிலிருந்து இறங்கி நிற்கும் அந்தக் குதிரைகள் என் கண்முன் வரும்.

தாத்தா பள்ளிக்கூடம் போனவரில்லை. வாரம் ஒருமுறை கடிவாள இரும்பில் புதுத் துணி சுற்றுவார். மார்கழி விடியலில் லாயத்துக்குப் போனதும் அந்த இரும்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, வாயால் ஊதி ஊதிச் சூடாக்குவார். பிறகுதான் குதிரையின் வாயருகே கொண்டுபோவார். அது தானே வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். சவாரிக்கு நேரமாகிறது என்று ஆட்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர் ஊதிக்கொண்டிருப்பார்.

நீங்கள் கேட்டது ட்ராட் பற்றி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு தட்டு நடை. முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் சேர்ந்து விழும், பிறகு மற்ற இரண்டும் சேர்ந்து விழும். ஒரு தட்டுக்கு எழுந்து அடுத்த தட்டுக்கு உட்காருங்கள். நீங்களாக எழ வேண்டாம், அதன் முதுகே தூக்கிவிடும், நீங்கள் தடுக்காமல் இருந்தால் போதும். வாய்விட்டு ஒன்று இரண்டு எண்ணுங்கள், எண்ணினால் மூச்சும் ஓடும். இது பழகும்வரை உங்கள் கைக்கு லகானே வேண்டாம். பயிற்சியாளரிடம் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிட்டு, லகான் இல்லாமல் உங்களை உட்காரவைக்கச் சொல்லுங்கள். இந்த முறைக்கு லஞ்ச் (lunge) என்று பெயர், சொன்னால் அவருக்குத் தெரியும். பிடிக்க ஏதாவது வேண்டும் என்றால் கழுத்தில் ஒரு தோல்பட்டை கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிடரி மயிரைப் பிடியுங்கள். முடியாது, சாட்டைதான் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். கோவையில் இடமா இல்லை.

அடுத்த ஞாயிறு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். இடது தோள்பக்கமாக, பேசிக்கொண்டே கிட்டப் போங்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, அங்கிருந்து போய்த் திடுக்கிட வைக்காதீர்கள். உதட்டோரத்தை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். புண் இருந்தால் அன்றைக்கு ஏற வேண்டாம், தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். வாய் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அதன் பெயரையும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை.

அன்புடன்.