கேட்பவர் யார்?

கேள்வி: உளவுத்துறை அத்துமீறினால் தட்டிக் கேட்க ஆள் உண்டா? ஆணையம், நீதிமன்றம் என்று இருந்தும் ஓர் அதிகாரிகூட உள்ளே போனதாகத் தெரியவில்லையே?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உண்டு. பெரும்பாலும் அது காணாமல் போனவரின் மனைவி.

2017 பிப்ரவரி 13. பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் பாதிரியார் ரேமண்ட் கோவின் காரைக் கறுப்பு வண்டிகள் மறித்தன. ஒரு நிமிடத்துக்குள் ஆளும் இல்லை, காரும் இல்லை. அந்தக் காட்சியை அக்கம்பக்கத்து வீட்டு சிசிடிவிகளில் தேடி எடுத்தது அவர் குடும்பம். புகார் கொடுக்கப் போன மனைவி சூசன்னா லியூவிடமோ, கணவர் மதமாற்றம் செய்தாரா என்று மணிக்கணக்கில் விசாரித்தார்கள். கணவனைத் தேடி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

ரேமண்ட் கோவையும், 2016-இல் பெர்லிஸில் கடத்தப்பட்ட சமூக ஆர்வலர் அம்ரி சே மாட்டையும் கொண்டுபோனது போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் உளவுப் பிரிவு, ஸ்பெஷல் பிராஞ்ச்தான் என்று 2019 ஏப்ரலில் மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் சொன்னது. கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அரசாங்கத்தையும் போலீசையும் பொறுப்பாளியாக்கியது 2025 நவம்பரில். ரேமண்ட் கோ காணாமல் போன ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரிங்கிட் இழப்பீடு. அது நம் வரிப்பணம். தீர்ப்பு நாள்வரை ஓர் அதிகாரிகூட இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2013 மார்ச்சில், கோடிக்கணக்கான மக்களின் தகவல்களைச் சேகரிக்கிறீர்களா என்று செனட்டில் கேட்டபோது உளவுத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்றார். ஜூனில் உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அதைப் பொய்யாக்கின. கிளாப்பர்மீது வழக்கே இல்லை. கைதிகளைத் தண்ணீரில் மூச்சுத் திணற வைத்ததைப் பற்றி வெளியே பேசிய சி.ஐ.ஏ. அதிகாரி ஜான் கிரியாக்கு, சக ஊழியர் பெயரை வெளியிட்டதாக 30 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தச் சித்திரவதைத் திட்டத்தை வகுத்தவர்கள் சிறை போகவில்லை.

நம்மவர்களுக்கு இது அந்நிய விவகாரமும் அல்ல. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேரைப் பாதுகாப்புச் சட்டமான சொஸ்மாவில் பிடித்தார்கள். அந்தத் தீபாவளி அவர்களுக்குக் காவலில் கழிந்தது. மறு பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்கைக் கைவிட்டார். இழந்த மாதங்களுக்கு யார் பதில் சொன்னது?

2023 ஜூலையில் வந்த சுதந்திர போலீஸ் நடத்தை ஆணையம் (ஐபிசிசி), போலீஸ்மீதான புகாரை விசாரிக்கலாம். தண்டிக்க அதற்கு அதிகாரமில்லை, பரிந்துரைதான் செய்யலாம். அடுத்த தேர்தலில் பட்டர்வொர்த்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்தி, அந்த அதிகாரத்தைக் கொடுக்க நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் பதில் வரும்வரை விடாதீர்கள்.