‘70 கிலோ தாங்கும்’ என்று சொன்னால் நம்பிவிடலாமா?

கேள்வி: திருச்செங்கோட்டில் இருக்கிறோம். வீட்டில் ரிக் வண்டித் தொழில். பெண்ணுக்கு 6 வயது, பையனுக்கு 3. பையனுக்கு ஜேசிபி என்றால் உயிர். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ஜேசிபி பொம்மை ஒன்றும், குழாயும் பலகையும் கோத்து வீடு, ஏணி, சறுக்கு என்று மாற்றி மாற்றிக் கட்டுகிற பெரிய செட் ஒன்றும் வாங்க ஆசை. தெரிந்தவர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து பாதி விலைக்கு இறக்கித் தருகிறேன் என்கிறார். இரண்டும் 70 கிலோ தாங்குமாம். சிமெண்ட் வாசலில்தான் போடப்போகிறோம். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த 70 கிலோவை முதலில் மறந்துவிடுங்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்கிற கணக்கு அது. பிள்ளைகள் அப்படியா இருப்பார்கள்? உங்கள் பெண் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்படியிலிருந்து பலகைமேல் தொப்பென்று குதித்தால், அந்த நொடியில் பலகை வாங்கும் அடி 20 கிலோவைப் போலப் பல மடங்கு. அக்கா குதித்தால் தம்பி சும்மா இருப்பானா, அவனும் குதிப்பான்.

மழலையர் பள்ளிகளுக்கு இந்தக் கருவிகளைப் பூட்டிக் கொடுத்துப் பராமரிப்பதுதான் 19 வருடமாக என் வேலை. குழாய் முறிந்து நான் பார்த்தது குறைவு. கழன்று விழுந்ததெல்லாம் இணைப்புகள்தான். அதனால் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்காமல், இணைப்பு எப்படிப் பூட்டுகிறது என்று கேளுங்கள். வெறுமனே கையால் அழுத்திச் செருகுவது என்றால், பிள்ளை தொங்கி ஆடும்போது அது உருவிக்கொள்ளும். குறுக்கே திருகோ பூட்டு ஆணியோ இருக்க வேண்டும். கடையில் கட்டி நிறுத்தியிருப்பதை உச்சியில் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஜேசிபி விஷயம் எளிது. 3 வயதுக்குக் காலால் உந்தி ஓட்டுவதே போதும், பேட்டரி வண்டி இப்போது வேண்டாம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். ஜேசிபியின் கை மடங்குகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். அசையும் பாகங்களுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் கம்பி நுழைந்தால் 12 மில்லிமீட்டர் கம்பியும் நுழைய வேண்டும் என்பது விதி. நடுவாந்தர இடுக்கில் விரல் உள்ளே போய்விடும், மூட்டு மடங்கும்போது நசுங்கிவிடும். பென்சில் போகிறது, உங்கள் சுண்டுவிரல் போகவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கோத்துக் கட்டுகிற செட்டுதான் எனக்குக் கவலை. ஒரே அச்சில் வார்த்த சறுக்கு என்றால் அதன் இடைவெளிகளைத் தயாரிப்பாளரே அளந்திருப்பார். இங்கே ஒவ்வொரு முறை மாற்றிக் கட்டும்போதும் புதுப்புது இடைவெளி உண்டாகிறது, அதை அளக்க உங்களைத் தவிர யாரும் இல்லை. 9 சென்டிமீட்டருக்கு மேல், 23 சென்டிமீட்டருக்குள் இருக்கிற இடைவெளி ஆபத்து. காலும் உடம்பும் நழுவிப் போய்விடும், தலை மாட்டிக்கொண்டு பிள்ளை கழுத்தில் தொங்கும். கட்டி முடித்ததும் டேப்பை எடுத்து அளந்துவிட்டு, அப்புறம்தான் ஏறவிட வேண்டும். கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, கயிறு வைத்த சட்டை எதுவும் ஏறும்போது உடம்பில் இருக்கக்கூடாது.

இனி அந்தத் தெரிந்தவர். பாதி விலை எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் கேட்டீர்களா? கொரோனா காலத்தில் மூடிய மழலையர் பள்ளிகளின் சாமான் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கை எண்ணெய் போட்டுத் துடைத்துப் புதிது என்று விற்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் அந்தப் பிளாஸ்டிக் செத்துவிட்டது, ஒருநாள் படக்கென்று உடையும்.

புதுச் சாமான் என்றால், 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 என்ற தர எண், மின்சாரத்தில் ஓடுவது என்றால் ஐஎஸ் 15644. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை, இந்த முத்திரையைத் தருகிற இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால், யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். எண் இல்லாத முத்திரை வெறும் ஸ்டிக்கர். சிஇ என்று அச்சடித்திருப்பதைக் காட்டி ‘ஃபாரின் தரம்’ என்பார்கள். அது ஐரோப்பியச் சந்தைக்கான அடையாளம், பெரும்பாலும் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. இங்கே ஐஎஸ்ஐக்கு அது ஈடாகாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துத்தான் நம் பக்கம் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மையை அதற்கென்று பதிவு பெற்றவர் செய்து விற்றால் அதற்கும் முத்திரை தேவையில்லை. கர்நாடகத்துச் சன்னபட்டணா மர பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். இதைப் பிடித்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்காரரும் ‘கையால் செய்தது, முத்திரை வேண்டியதில்லைங்க’ என்கிறார். பட்டறையில் கையால் செய்வதும் கைவினைஞராகப் பதிவு செய்திருப்பதும் வேறு வேறு. பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும் அந்த விலக்கு அவர் கைப்பட்ட பொம்மைக்குத்தான், எங்கிருந்தோ வரவழைத்துப் பெயின்ட் அடித்த சறுக்குக்கு இல்லை.

சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் எண் இல்லாத சாமான் கடைவீதியில் தொங்குகிறது. அதைத் தடுக்க வேண்டியவர்கள் தடுக்காமல், மூன்று வயதுப் பிள்ளையின் தாய் செல்போனை வைத்துக்கொண்டு உரிமம் தேட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு கடையைப் பற்றி நானே எழுத்தில் புகார் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து ‘முடித்து வைக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அதே சாமான் அதே கடையில் இன்றும் இருக்கிறது. இருந்தாலும் ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பில் இருந்தால்தான் பேச முடியும்.

சிமெண்ட் வாசலில் ஏறுகிற செட்டைப் போடவே கூடாது. கடையில் கூடவே தருகிற, துண்டு துண்டாகக் கோத்து விரிக்கும் மெல்லிய பஸில் மேட் தலையைக் காப்பாற்றாது. பக்கவாட்டில் மண் தரை இருந்தால் ஒரு அடி ஆழத்துக்குச் சலித்த ஆற்று மணல் கொட்டுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், தண்ணீர் பட்டால் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவு சும்மா கிடைக்கிறதே என்று பொள்ளாச்சிப் பக்கம் சிலர் பரப்புகிறார்கள். மழையில் சொதசொதவென்று ஊறிப்போகும், காய்ந்தால் தூசி பறக்கும். மேடை பையனின் நெஞ்சளவுக்கு மேல் போகாதபடி கட்டுங்கள். ஒரு வாரம் விளையாடியதும் எல்லாத் திருகையும் மறுபடி இறுக்குங்கள்.

ஜேசிபியை இப்போதே வாங்கலாம், செட்டு மணல் கொட்டிய பிறகு வரட்டும். எதுவானாலும் அந்தத் தெரிந்தவரை, பெட்டியில் இருக்கும் சிஎம்/எல் எண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எண் வந்து, செயலியில் சரிபார்க்கும்வரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.