வலி காலுக்கு இறங்கினால் அது சுளுக்கு அல்ல

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் ஒரு பவுண்டரியில் வேலை. இருபது நாட்களுக்கு முன் நானும் இன்னொருவரும் மோல்டிங் பெட்டியை (வார்ப்பு மணல் நிரப்பிய அச்சுப் பெட்டி) தூக்கித் திருப்பியபோது இடுப்பில் 'மடக்'கென்று பிடித்தது. சுளுக்கு வழித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது இடது கால் பெருவிரல் வரை ஷாக் அடிப்பதுபோல் வலி இறங்குகிறது. பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள். இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வை (டிஸ்க்) பெல்ட் காப்பாற்றாது. தூக்கிவிடலாம் என்ற துணிச்சலைத்தான் கொடுக்கும். குனிந்தபடி, பாரத்தை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்து, இடுப்பையும் திருப்பியிருக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்ததில் அந்த ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றே தோன்றுகிறது. நேரில் பரிசோதித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

குதிகாலை மட்டும் ஊன்றி நான்கு அடி நடந்து பாருங்கள். இடது பாதம் தொங்கினால் ஓரிரு நாளில் முதுகெலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருந்து, சிறுநீர்க் கட்டுப்பாட்டையே நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு.

இவை இல்லையென்றால் பயப்படாதீர்கள். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் அறுவை சிகிச்சை இல்லாமலே தணிந்துவிடும். படுத்தே கிடக்காமல், தாங்கும் அளவுக்கு நடங்கள். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிய வேண்டாம். இரவில் நீர் ஊறி ஜவ்வு விம்மியிருக்கும் நேரம் அது. இனி யாரையும் முதுகில் மிதிக்கவோ வழிக்கவோ விடாதீர்கள். வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். உலை வெக்கையில் வியர்த்துக் கொட்டும் உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். விபத்துப் பதிவேட்டில் இதை எழுதினார்களா? இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) இருந்தால், வேலையில் பட்ட காயத்துக்கு வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்பு என்று எழுதினால் 70 சதவீதம்தான். எந்த மருத்துவரிடம் போனாலும் 'வேலையில் பாரம் தூக்கும்போது' என்று சொல்லி, சீட்டில் அதையே எழுதி வாங்குங்கள்.

குணமானபின், சில வாரங்களுக்கு இலகு வேலை தரச் சொல்லிச் சான்று கேளுங்கள். அந்தப் பெட்டியை இனி செயின் பிளாக்கில்தான் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) திருப்ப வேண்டும். இதை மேற்பார்வையாளரிடம் உங்களோடு தூக்கியவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். அவர் முதுகும் அதே பாரத்தைத்தான் சுமக்கிறது.