கேசட் கடை அக்கா பதில்கள்: தரையில் கால் வைக்காத இரவு

பம்பாய் சயான் கோலிவாடாவில் 1986 முதல் 2002 வரை நானும் என் வீட்டுக்காரரும் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தோம் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். போன இதழில், சின்ன பட்ஜெட் ஜந்துப் படங்கள், அதாவது பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும் படங்கள், எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க ஜந்துகளே இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் பில்டிங்கில் கணபதி சமயத்தில் ஒரு இங்கிலீஷ் படம் போட்டார்கள். பூமிக்கு அடியில் பெரிய புழு வரும். ஊர் ஜனங்கள் பாறை மேலும் கூரை மேலும் ஏறிக்கொள்வார்கள். முப்பது வருஷமாகப் பெயர் தெரியாமல் தவிக்கிறேன். (வாசகர், டோம்பிவிலி)

பதில்: இனி தவிக்க வேண்டாம் தம்பி. அது 'ட்ரெமர்ஸ்'. 1990-இல் வந்தது, ரான் அண்டர்வுட் இயக்கியது. நெவாடா பாலைவனத்தில் ஒரு குக்கிராமம். கெவின் பேக்கனும் ஃப்ரெட் வார்டும் அங்கே கிடைத்த கூலி வேலையைச் செய்து பிழைக்கிறவர்கள். யார் எந்த வேலையைச் செய்வது என்று கல், காகிதம், கத்தரி போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஊரை விட்டே போய்விடலாம் என்று அவர்கள் மூட்டை கட்டுகிற அன்றைக்குப் புழு வந்து சேர்கிறது. அதற்குக் கண் கிடையாது. தரையின் அதிர்வை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். பாறை மேல் அசையாமல் நின்றால் பிழைக்கலாம், மண்ணில் ஓடினால் போச்சு. தியேட்டரில் சுமாராகத்தான் ஓடியது. அதை வாழவைத்தது வீடியோ கேசட். எங்கள் மாதிரிக் கடைகளுக்கும் அதில் ஒரு துளிப் பங்கு உண்டு என்று நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

ரொம்ப நேரத்துக்குப் புழுவை முழுசாகக் காட்ட மாட்டார்கள். மின்கோபுரத்தின் மேலே ஒரு கிழவர் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்தபடி செத்துப்போயிருப்பார். டாக்டர் பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் செத்திருக்கிறார் என்பார். இறங்கி வந்தால் தண்ணீர் கிடைக்கும். ஏன் இறங்கவில்லை? பார்க்கிறவர்களுக்கு அங்கேயே வயிற்றைப் பிசையும். அப்புறம் அந்த டாக்டரின் காரே மண்ணுக்குள் போய்விடும். மண்ணுக்குள்ளிருந்து ஹெட்லைட் வெளிச்சம் தெரியும், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். ஒரு கார், ஒரு குழி, ஒரு பாட்டு, அவ்வளவுதான் செலவு.

நான் அதை முதலில் பார்த்த இரவைச் சொல்கிறேன். 1991 மே மாதம். எங்கள் சாலில், அதாவது வரிசையாக ஒற்றை ரூம் வீடுகள் இருக்கும் கட்டிடத்தில், ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம் முடிந்து, திருநெல்வேலியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கீழ்த்தளத்து ரூமில் தங்கியிருந்தார்கள். வி.சி.ஆரும் டி.வி.யும் எங்கள் கடையிலிருந்து போயிற்று. மூன்று கேசட். முதலில் தமிழ், அடுத்து இந்தி, கடைசியில் மூன்று மணிக்கு இந்தப் படம். யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. என் வீட்டுக்காரர் டி.வி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனத்தை உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் பாயில், பெரியவர்கள் சுவரில் சாய்ந்து.

படத்தில் ஊர்க்காரர்கள் மளிகைக் கடைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். புழு கீழே இருக்கிறது, சத்தம் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கடையிலிருக்கும் பிரிட்ஜ் தடதடவென்று நடுங்க ஆரம்பிக்கும். அதே வினாடி எங்கள் சாலில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் நாலு மணிக்குத்தான் வரும். ரூமுக்கு அடுத்த சுவர்தான் மோட்டார். தரை த்ர்ர்ர் என்று அதிர்ந்தது பாருங்கள், பாயிலிருந்த பதினோரு பிள்ளைகளும் கட்டில் மேல் ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா டிரங்குப் பெட்டி மேல் நிற்கிறார். மூலையில் படுத்திருந்த ஆச்சி மட்டும் எழுந்திருக்காமல், "ஏல, மோட்டாருல. தண்ணி வந்துட்டு" என்றார். அந்த ரூம் சிரித்த சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன். தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுக்க வேண்டும். ஆனால் இறங்க ஒருத்தருக்கும் கால் வரவில்லை. கட்டிலிலிருந்தே குடங்களைக் கைமாற்றி வாசல்வரை அனுப்பினோம்.

இந்த வகைப் படங்களிடம் எனக்குள்ள பிரியம் முழுக்க அந்த ஐந்து நிமிஷத்திலிருந்து வந்தது. முதலில் நிஜமாகவே பயப்பட வைத்தது. அந்தப் பயம் அப்படியே சிரிப்பாக மாறியது. இரண்டும் ஒரே மூச்சில் நடந்தது, கூட்டமாக நடந்தது.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'கிரிட்டர்ஸ்' படத்தை ஐம்பத்தைந்து அங்குல டி.வி.யில் துல்லியமான பிரிண்டில் பார்த்தேன். அத்தனையும் ரப்பரும் முடியும் என்று அப்பட்டமாகத் தெரிகிறது. சின்ன வயதில் அதைப் பார்த்து ராத்திரி பாத்ரூம் போகப் பயந்தவள் நான். பார்க்காமலே இருந்திருக்கலாமோ? (வாசகி, நெருல்)

பதில்: அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நீங்கள் சின்ன வயதில் பார்த்தது அநேகமாக நகலின் நகல். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதியும்போது ஒவ்வொரு தடவையும் படம் கொஞ்சம் மங்கும், வண்ணம் வழியும், இருட்டுக் காட்சி இன்னும் இருட்டாகும். மூன்றாவது நகலில் ஜந்தின் தையல் தெரியாது, பல்லும் சிவப்புக் கண்ணும் மட்டும்தான் தெரியும். மீதியை நீங்களே நிரப்பிக்கொண்டீர்கள்.

இப்போது வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறேன். 1986-இல் வந்த அந்தப் படத்தின் ஜந்துகளைச் செய்தவர்கள் சியோடோ சகோதரர்கள். அண்ணன் தம்பி மூன்று பேர். இரண்டு வருஷம் கழித்துத் தாங்களே ஒரு கோமாளி ஜந்துப் படமும் எடுத்தார்கள். அந்த முள்ளம்பன்றி உருண்டை உதட்டைச் சுழிக்கிறதே, அது யாரோ ஒருத்தர் கேமரா பார்க்காத இடத்தில் ஒளிந்துகொண்டு கையால் ஆட்டியது. நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் தன் முதல் படமான 'பேட் டேஸ்ட்'டுக்கு வேற்றுகிரகவாசிகளின் முகமூடிகளைத் தன் அம்மாவின் சமையலறை அடுப்பில் வைத்துத்தான் வேகவைத்து எடுத்தார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வாராவாரம் லீவு நாளில் படம்பிடித்து, முடிக்க நாலு வருஷம் ஆயிற்று. 1987-இல் வெளியானது. அதே மனிதர்தான் பின்னாளில் உலகத்தின் பெரிய மாயாஜாலப் படங்களை எடுத்தார்.

ஜந்தின் வாயில் ஒழுகும் கோழைக்குப் பெரும்பாலும் மெத்தில் செல்லுலோஸ் என்ற பொடிதான். சாப்பாட்டுப் பொருள்களைக் கெட்டியாக்கச் சேர்ப்பார்களே, அதுதான். தண்ணீரில் கரைத்து வைத்தால் சோறு வடித்த கஞ்சி ஆறிய மாதிரி நூல் விட்டு ஒழுகும். அடுத்த தடவை பார்க்கும்போது அந்தக் கோழை வெளிச்சத்தில் எப்படி மின்னுகிறது என்று கவனியுங்கள். அதை அங்கே தடவிவிட்டு ஓடி ஒளிந்த ஒரு மனிதர் இருக்கிறார். உங்களை ராத்திரி பாத்ரூம் போகவிடாமல் செய்தவர் அவர்தான். எனக்கு ரப்பர் தெரியும்போது அந்தக் கையும் சேர்ந்து தெரிகிறது. அதனால் என் பிரியம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கேள்வி: பம்பாயில் இருந்துகொண்டு, இந்திப் பேய்ப் படங்கள் எடுத்த ராம்சே சகோதரர்களைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கலாமா? (வாசகர், விரார்)

பதில்: நியாயமான கோபம். அவர்களும் நம்மைப்போல் கடைக்காரக் குடும்பம்தான். அப்பா எஃப்.யு. ராம்சே கராச்சியில் ரேடியோ கடை வைத்திருந்தவர். பிரிவினைக்குப் பிறகு இங்கே வந்து லேமிங்டன் ரோட்டில் கடை போட்டார். 1970-இல் எடுத்த ஒரு படம் விழுந்துவிட்டது. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கரமான முகமூடி மாட்டிக்கொண்டு திருட வரும் காட்சிக்கு மட்டும் ஜனங்கள் அலறினார்கள் என்பதைப் பிள்ளைகள் தியேட்டரில் நின்று கவனித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 1972-இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' எடுத்தார்கள். ஏழு மகன்கள். ஒருத்தர் எழுத, ஒருத்தர் கேமரா பிடிக்க, ஒருத்தர் ஒலி பார்க்க, ஒருத்தர் எடிட் செய்ய, துளசியும் ஷ்யாமும் இயக்க, எல்லாம் வீட்டுக்குள்ளேயே. வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று கல்லாவில் உட்கார்ந்து கவனித்துப் பழகியவர்களுக்குத்தான் அப்படிப் படம் எடுக்க வரும்.

1984-இல் வந்த 'புரானா மந்திர்' எங்கள் கடையில் அலமாரியில் நின்றதே இல்லை. சாம்ரி என்ற அந்தப் பூதமாக வந்த அனிருத் அகர்வால் என்ஜினீயரிங் படித்தவர். நல்ல உயரம், எலும்பு தூக்கிய முகம். முகமூடி அவருக்குத் தேவையே இல்லை. ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் படத்தில் ஜகதீப்பை வைத்து 'ஷோலே'யைக் கிண்டல் செய்யும் தனிக் கதை ஓடும். பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சோறு ஒரு இலையிலும் குழம்பு இன்னொரு இலையிலும் பரிமாறின மாதிரி. அந்த நேரத்தில் ஜனங்கள் எழுந்து டீ போடப் போனார்கள். 'ட்ரெமர்ஸ்' ஓடும்போது யாரும் எழுந்ததில்லை.

கேள்வி: சூறாவளி சுறாக்களைத் தூக்கி வந்து ஊருக்குள் போடும் 'ஷார்க்நேடோ' பார்த்தீர்களா? (வாசகர், பாண்டுப்)

பதில்: பார்த்தேன். 2013-இல் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்தவர்களே தங்கள் சுறாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அப்புறம் நான் எதற்குப் பயப்பட வேண்டும்? 'ட்ரெமர்ஸ்' படத்தில் ஒருத்தர்கூடப் புழுவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கணவனும் மனைவியும் நிலவறைச் சுவரில் மாட்டியிருக்கும் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுட்டுத் தீர்ப்பார்களே, அவர்கள் அவ்வளவு மும்முரமாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

கேள்வி: பணமே இல்லாமல் எப்படி இத்தனை படம் எடுத்தார்கள்? (வாசகி, செம்பூர்)

பதில்: அமெரிக்காவில் சின்ன பட்ஜெட் படங்களாக எடுத்துத் தள்ளிய ரோஜர் கோர்மனைத்தான் கேட்டிருக்க வேண்டும். 2024-இல் 98 வயதில் காலமானார். ஆளைத் தின்னும் செடியைப் பற்றிய அவருடைய 1960-ஆம் வருஷத்துப் படத்துக்கு, வேறு படத்துக்குப் போட்ட செட் மிச்சமிருந்தது என்பதால் முக்கியமான காட்சிகளை இரண்டே நாளில் எடுத்து முடித்தார். அவரிடம் வேலை பழகிய ஜோ டான்டே 1978-இல் கொலைகார மீன் படம் எடுத்தார். 1984-இல் 'கிரெம்ளின்ஸ்' எடுத்தார்.

கேள்வி: அந்த 'கிரெம்ளின்ஸ்' படத்தை எட்டு வயதுப் பெண்ணுக்குக் காட்டலாமா? (வாசகி, வாஷி)

பதில்: வேண்டாம் அம்மா, இன்னும் மூன்று நாலு வருஷம் போகட்டும். அட்டைப்படத்தில் இருக்கும் அந்தப் பஞ்சுப் பொம்மையை நம்பி எங்கள் கடையில் எத்தனையோ பேர் எடுத்துப்போய்த் திட்டிவிட்டுப் போனார்கள். அமெரிக்காவிலேயே அந்த வருஷம் பெற்றோர்கள் சண்டை போட்டு, பதின்மூன்று வயதுக்கென்று தனித் தரச்சான்று வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெண் வளர்ந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு அம்மா சமையலறையில் தனியாக நின்று மிக்ஸியும் கத்தியும் மைக்ரோவேவும் வைத்து ஜந்துகளை எதிர்க்கும் காட்சியில் நீங்கள் இரண்டு பேரும் கை தட்டுவீர்கள்.

கேள்வி: நம் பக்கத்தில் இப்படி ஏதும் இல்லையா? (வாசகர், தாராவி, வயது 71)

பதில்: ஐயா, மாயாஜாலப் படங்கள் எடுத்த விட்டலாச்சார்யாவை மறந்துவிட்டீர்களா? அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலை நீட்டி எரியவிட்டுச் சமைக்கும் பேய் யாருடையது? கேமராவை நிறுத்தி, பொருளை மாற்றி, மறுபடி ஓடவிடும் வித்தைதான். உங்கள் வயதுக்காரர்கள் தியேட்டரில் அதற்குப் பயந்துகொண்டே சிரித்தவர்கள்தானே!

கேள்வி: பழைய கேசட் நாற்பது இருக்கிறது. வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வி.சி.ஆரும் ஒன்று ஓடுகிற நிலையில் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? (வாசகர், கல்யாண்)

பதில்: போடவே போடாதீர்கள். அது பூஞ்சை. பம்பாய் மழைக்கு வராமல் இருக்காது. ஒன்றைப் போட்டால் வி.சி.ஆருக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு மற்றதற்கும் பரவும். பூத்ததையும் பூக்காததையும் முதலில் பிரித்து வையுங்கள். நல்லதைப் படுக்கப்போடாமல் புத்தகம் மாதிரி நிறுத்தி, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். பூத்ததைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடும்ப விசேஷம் ஏதாவது இருந்தால் அதை முதலில் கொடுங்கள்.

பூக்காத கேசட்டை ஓட்டும்போது ஒன்று கவனியுங்கள். எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்களோ அந்த இடத்தில் டேப் தேய்ந்து, கோடு கோடாக விழும். என்னிடம் ஒரே ஒரு கேசட்தான் மிச்சம். லேபிளில் என் வீட்டுக்காரர் பச்சை மையில் 'மண்ணுப் புழு' என்று எழுதியிருக்கிறார். அதில் நிலவறைச் சண்டை பளிச்சென்று இருக்கிறது. மளிகைக் கடை பிரிட்ஜ் நடுங்க ஆரம்பிக்கும் இடத்தில்தான் மழை மாதிரிக் கோடு.