பென்ஷன், ரேஷன் மாதிரி திட்டங்கள்ல கோளாறு வந்தா மந்திரி யாருக்குப் பதில் சொல்லணும்? நிஜமாவே சொல்றாங்களா?

சொல்றாங்க, ஆனா உங்களுக்கோ எனக்கோ இல்ல, சபைக்கு. மத்திய மந்திரிங்க மொத்தமா லோக்சபாவுக்குப் பொறுப்புன்னு அரசியல் சட்டம் 75(3) சொல்லுது, மாநில மந்திரிங்க சட்டசபைக்கு. நாம ட்விட்டர்ல டேக் பண்ணிட்டு காத்துட்டு இருந்தா அது கணக்குலயே வராது.

எனக்கு எப்படித் தெரியும்னா, எங்கப்பா டெல்லில ஒரு மத்திய அமைச்சகத்துல செக்‌ஷன் ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்த பசங்களைக் கேளுங்க, பார்லிமெண்ட் செஷன் ஆரம்பிச்சா வீட்ல அப்பா இருக்க மாட்டார், ஊருக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டிருந்தாலும் கேன்சல்தான், கேட்டா "பி.க்யூ. வந்திருக்கு"ன்னு ஒரே வார்த்தை. பார்லிமெண்ட் கேள்விக்கு அவங்க வச்ச பேர் அது. எம்.பி. குறைஞ்சது 15 நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும், லோக்சபால ஒரு நாளைக்கு ஸ்டார் போட்ட கேள்வி 20, போடாதது 230. ஸ்டார் போட்டதுக்கு மந்திரி எழுந்து நின்னு பதில் சொல்லணும், மத்ததுக்கு எழுத்துல குடுத்தா போதும்.

அந்தப் பதிலை எழுதறது மந்திரின்னு நெனச்சீங்களா? அப்பா மாதிரி ஆளுங்கதான் மொதல்ல எழுதுவாங்க. அப்புறம் அண்டர் செக்ரட்டரி ஒரு வரியை அடிப்பார், டைரக்டர் ஒரு வரியை அடிப்பார், ஜாயிண்ட் செக்ரட்டரி, செக்ரட்டரின்னு மேல போயி மந்திரி கைக்கு வர்றப்போ யாருக்கும் வலிக்காத ரெண்டு பாரா மிஞ்சும். ஆனா ஸ்டார் போட்ட கேள்வில துணைக் கேள்வின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அங்கதான் சங்கதியே. எம்.பி. குறுக்க என்ன கேப்பார்னு யூகிச்சு அதுக்குத் தனியா ஒரு கத்தைக் குறிப்பு தயார் பண்ணணும், ஆபீசர்ங்க கேலரில உக்காந்து சீட்டு எழுதி அனுப்புவாங்க, மந்திரிக்கு சப்ஜெக்ட் தெரியுமா தெரியாதான்னு அந்த ஒரு நிமிஷத்துல வெளுத்துடும். காலைல 11லேர்ந்து 12 வரைக்கும்தான் கேள்வி நேரம், 20 கேள்வியும் வர்றது அபூர்வம், பாதி நாள் கூச்சல்லயே போயிடும், அது தனிக் கதை.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்"னு பதில் வந்தா நாம நழுவுறாங்கன்னு திட்டுவோம். ஆனா அது சபைக்குக் குடுத்த உறுதிமொழியா பதிவாயிடும், 3 மாசத்துல நிறைவேத்தணும், இல்லன்னா அரசு உறுதிமொழிக் குழு லெட்டர் போடும். 1953லேர்ந்து இருக்கிற குழு அது. அப்பா மந்திரிக்குக்கூட அவ்ளோ பயந்ததில்ல, அந்த லெட்டருக்குத்தான் பயப்படுவார். மருந்தே இல்லாத பதில் ஒண்ணு உண்டு, "இது மாநில அரசின் பொருள்", அதாவது இது எங்க வேலை இல்ல, மாநிலத்தைக் கேளுங்கன்னு அர்த்தம்.

ராஜினாமாவா? 1956 நவம்பர்ல நம்ம அரியலூர் ரயில் விபத்துக்கு லால் பகதூர் சாஸ்திரி விலகினார். 1958ல முந்த்ராங்கிற தொழிலதிபரோட கம்பெனிங்கள்ல எல்.ஐ.சி. பணத்தைப் போட்ட விவகாரத்துல நம்ம டி.டி.கே. (டி.டி. கிருஷ்ணமாச்சாரி) நிதி மந்திரி பதவியை விட்டார், செக்ரட்டரி செஞ்ச காரியத்துக்கும் மந்திரிதான் பொறுப்புன்னு அதை விசாரிச்ச சாக்ளா கமிஷன் சொல்லிடுச்சு. இப்ப அந்தப் பழக்கம் யாருக்கு ஞாபகம் இருக்கு.

டெல்லில இன்னொரு கூத்து. போலீசும் நிலமும் மத்திய அரசு கைல, அதனால அதுக்கெல்லாம் பதில் பார்லிமெண்ட்ல. முதியோர் பென்ஷனுக்கு டெல்லி சட்டசபைல. குப்பைக்கு முனிசிபாலிட்டி. அந்தப் பென்ஷன்லயும் பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழ) ஆளுங்களுக்கு சென்ட்ரல் தர்ற பங்கு 79 வயசு வரைக்கும் மாசம் 200 ரூபா, 80 ஆனா 500, மிச்சத்தை டெல்லி அரசு போடுது. ஆக நின்னு போச்சுன்னா யாரைக் கேக்கறதுன்னே புரியாது.

எங்க ஏரியால இட்லி மாவு விக்கிற விழுப்புரத்துப் பாட்டிக்கு அப்படித்தான் 7 மாசம் பென்ஷன் நின்னுபோச்சு. பேங்க்ல ஆதார் வேற அக்கவுண்ட்ல லிங்க் ஆயிருக்குன்னாங்க, பென்ஷன் ஆபீஸ்ல எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னாங்க, கவுன்சிலர் இது என் வேலை இல்லன்னுட்டார், எம்.எல்.ஏ. ஆபீஸ்ல ஜெராக்ஸ் மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. நான் "இவருக்கு ஏன் பென்ஷன் வரல"ன்னு இந்தில நீளமா ஒரு மனு எழுதிக் குடுத்தேன். அப்பா படிச்சிட்டு சிரிச்சார். "இதுக்கு நானே ஒரு வரில பதில் எழுதிடுவேன்டா, 'விதிமுறைகளின்படி வழங்கப்படுகிறது'ன்னு. இந்த ஆபீஸ்ல எத்தனை பேருக்கு நின்னிருக்கு, எந்த மாசத்துலேர்ந்து, காரணவாரியா எத்தனைன்னு கேளு. நம்பர் கேட்டா மேல இருக்கறவன் அடிக்க முடியாது."

அதையே 10 ரூபா கட்டி ஆர்.டி.ஐ.ல (தகவல் உரிமைச் சட்டத்துல) போட்டோம், எம்.எல்.ஏ.வுக்கும் சபைல கேக்கச் சொல்லி ஒரு காப்பி. அவர் கேக்கவே இல்ல. ஆனா ஆர்.டி.ஐ. பதில் 30 நாளைக்குள்ள வந்துடுச்சு, அந்தப் பேப்பரோட போனதும் ஆபீஸ்ல நாற்காலி போட்டாங்க, பென்ஷன் திரும்ப வந்துச்சு, 5 மாச பாக்கியும் சேர்த்து. "மிச்சம் ரெண்டு மாசம் எங்க தம்பி?"ன்னு பாட்டி விடாம கேக்குது. அதுக்கு அப்பா இப்ப அடுத்த மனு டிராஃப்ட் பண்றார், ரிட்டையர் ஆன இத்தனை வருஷத்துல அவரை இவ்ளோ உற்சாகமா நான் பார்த்ததில்ல.